மாதவிலக்கு நெருங்கும்போது மனநோய் முற்றுகிறதே, இது அமாவாசையா, ஹார்மோனா?

தண்டையார்பேட்டை_அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). சில வருடங்களாக அதற்கு ஓலான்சபின் மாத்திரை சாப்பிடுகிறாள். மாதத்தில் பெரும்பாலான நாட்கள் நன்றாகவே இருப்பாள். அம்மாவோடு உட்கார்ந்து பூக் கட்டுவாள். முடிச்சு முடிச்சாக, ஒரே இடைவெளியில், முழம் முழமாக நேர்த்தியாக வரும். அப்புறம் சில நாட்கள் வரும். கட்டிக்கொண்டே இருப்பவள் நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே நிறுத்திவிட்டு, "யாரு பேசுறா?" என்று கேட்டைப் பார்ப்பாள். ராத்திரி பொட்டுத் தூக்கம் இருக்காது. மாத்திரையைக் கொடுத்தால் விஷம் என்று தட்டிவிடுவாள்.

அமாவாசை வந்தால் அவளுக்கு இப்படித்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் அம்மா மந்திரிக்க அழைத்துப் போகிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேஸ் ஏஜென்சி கொடுத்த காலண்டரில் அவளுக்கு மாதவிலக்கு ஆகும் தேதியைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டேன். குரல் கேட்கிறது என்று சொன்ன நாட்களில் நீலத்தில் ஒரு கோடு போட்டேன். அமாவாசையும் பௌர்ணமியும் அதிலேயே அச்சாகி இருக்கின்றன. சில மாதம் ஆன பிறகு எடுத்துப் பார்த்தால், நீலக் கோடுகள் எல்லாம் சிவப்பு வட்டத்துக்கு முந்தைய நாலைந்து நாட்களில்தான் மொய்த்துக்கொண்டு நிற்கின்றன. அமாவாசை ஒரு மாதம் பக்கத்தில் இருக்கிறது, இன்னொரு மாதம் எங்கேயோ இருக்கிறது.

இப்படி உண்டா? டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆண் டாக்டர், வெளியே அவ்வளவு கூட்டம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_விலங்கியல்_டீச்சர்

உண்டு தோழி. நீங்கள் குறித்தது கற்பனை இல்லை. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு (சில காலம் மிதமிஞ்சிய வெறி, சில காலம் கடும் சோர்வு என்று மாறி மாறி வருவது), மனச்சோர்வு ஆகிய மூன்றிலுமே ஒரு பகுதிப் பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் விலக்கான முதல் சில நாட்களிலும் அறிகுறிகள் கூடுகின்றன. மனநல மருத்துவமனைகளில் பெண்கள் சேர்க்கப்படுவதும் அந்த நாட்களில் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அமாவாசை நம்பிக்கை ஏன் இவ்வளவு வலுவாக ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சுமார் 29 அரை நாள். பெண்ணின் மாதச் சுழற்சியும் பலருக்கு 28, 29, 30 நாள். ஒரு மாதம் இரண்டும் சேர்ந்து வந்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கும் ஏறத்தாழச் சேர்ந்தே வரும். பார்க்கிறவர்கள் நிலாவோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். பிறகு மெல்ல விலகும். விலகிய மாதங்கள் யார் நினைவிலும் நிற்பதில்லை. ஆக உங்கள் அம்மா கவனித்ததில் தவறே இல்லை. மாதாமாதம் ஏதோ ஒன்று வருகிறது என்பதை அவர்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறார். காரணம்தான் வேறு.

சினைமுட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் கூடும், ஈஸ்ட்ரோஜனும் ஓரளவு இருக்கும். கரு தங்காவிட்டால் விலக்குக்கு முந்தைய சில நாட்களில் இரண்டும் சரிந்துவிடும். ஈஸ்ட்ரோஜனுக்குக் கருப்பையில் மட்டும் வேலை என்று பள்ளிக்கூடத்தில் நாங்களே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களான டோப்பமைன், செரட்டோனின் இரண்டின் நடமாட்டத்தையும் அது மாற்றுகிறது. மனச்சிதைவில் தடுமாறுவது டோப்பமைன். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது ஒரு பாதுகாப்பு போலச் செயல்படுகிறது, சரியும்போது அந்தப் பாதுகாப்பு குறைகிறது என்பது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லும் விளக்கம்.

இதற்குத் துணையாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஆண்களுக்கு மனச்சிதைவு தொடங்கும் வயதைவிடப் பெண்களுக்குச் சில வருடம் தள்ளித்தான் தொடங்குகிறது. 45 வயதுக்கு மேல், மாதவிலக்கு நிற்கும் கட்டத்தில், பெண்களுக்கு மட்டும் புதிதாகத் தொடங்குவது மறுபடி கொஞ்சம் கூடுகிறது. இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஜெயஸ்ரீ குல்கர்ணி என்ற மனநல மருத்துவரின் குழு, வழக்கமான மருந்தோடு ஈஸ்ட்ரோஜன் பட்டையையும் தோலில் ஒட்டிப் பார்த்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வில் பட்டை ஒட்டிய பெண்களுக்குக் குரல் கேட்பது, சந்தேகம் போன்றவை கூடுதலாகக் குறைந்திருந்தன. அதற்காக நாமே கடையில் போய்க் கேட்டு வாங்கும் பொருள் இல்லை அது. ரத்தக்கட்டி, மார்பகம், கருப்பை உட்சுவர் என்று பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

வியாசர்பாடி_தமிழினி

எனக்கு இந்தப் பேச்சில் ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒரு பெண் குரலை உயர்த்திப் பேசினாலே, "என்னம்மா, பீரியட்ஸ் டேட் வந்துடுச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆட்களுக்கு நடுவில் வேலை பார்க்கிறேன். ஓவர்டைம் காசு வரவில்லை என்று கோபப்பட்டாலும் ஹார்மோன், மாமியார் பேச்சுத் தாங்காமல் அழுதாலும் ஹார்மோன், புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்ததில் ராத்திரி தூக்கம் இல்லை என்றாலும் ஹார்மோன். நாமே இப்படி எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எதைச் சொன்னாலும் இதையே திருப்பிச் சொல்வார்கள். டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பெரம்பூர்_விலங்கியல்_டீச்சர்

கோபம் எதற்கு, முக்கியமான கேள்வி. ஆனால் எனக்குத் தோன்றுவது நேர்மாறானது. தேதி போட்டுக் குறித்து வைப்பதுதான் அந்தச் சிரிப்புக்குச் சரியான பதில்.

மாதவிலக்குக்கு முந்தைய கடும் மனத்தளர்ச்சிக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. சாதாரண எரிச்சல், இடுப்பு வலி இல்லை. வாழவே பிடிக்காத அளவுக்குச் சோர்வு, கட்டுக்கடங்காத கோபம், பதற்றம். விலக்கு ஆன சில நாட்களில் துடைத்துப் போட்டதுபோல் மறைந்துவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 2013இல்தான் அதற்குத் தனி இடமே கிடைத்தது. நூறு பெண்களில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இருக்கலாம். அது உண்டா இல்லையா என்று சொல்ல, குறைந்தது இரண்டு சுழற்சிக்குத் தினமும் குறித்துக் காட்டச் சொல்கிறார்கள். பழைய ஞாபகத்தை வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது, அந்தப் பெண்ணே ஆனாலும். அப்படிக் குறிக்கும்போது மாதம் முழுவதும் சோர்வு சீராக இருந்தால் அது வேறு பிரச்சினை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் குடித்துவிட்டு வரும் இரவுகளில்தான் அழுகை வருகிறது என்றால் அதுவும் தாளில் தெரிந்துவிடும். அதற்கு ஹார்மோனைக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கோளாறு உள்ள பெண்களின் ரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலவேதான் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்து ஆய்வாளர்கள், மருந்து கொடுத்துச் சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்ட பெண்களில் பலருக்கு அறிகுறிகள் தணிந்தன. பிறகு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்தபோது அவர்களுக்கு மனத்தளர்ச்சி திரும்பியது. இந்தப் பிரச்சினை இல்லாத பெண்களுக்கும் அதே மருந்து, அதே ஹார்மோன் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹார்மோன் எல்லோருக்கும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சிலருடைய மூளை தாங்குவதில்லை. அதனால் "பொம்பளைன்னாலே இப்படித்தான்" என்ற பேச்சுக்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை.

கொடுங்கையூர்_மெடிக்கல்ஸ்

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டீச்சர் கடைசியாகச் சொன்னதில் ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. "ஹார்மோன் பேக்கேஜ்" என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கு மனநிலை மாறுவது ஏன் என்பதை அந்தத் தாள் சொல்லாது, எல்லாம் நார்மல் என்றுதான் வரும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டும் பார்ப்பது பயன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சோர்வு, படபடப்புக்கு அதுவும் காரணம்.

அடுத்தது மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதுவது. இதை நான் கடையில் வாய் வலிக்கச் சொல்கிறேன்.

இருமுனைக் கோளாறுக்கு லாமோட்ரிஜின் சாப்பிடும் பெண், டாக்டரிடம் சொல்லாமல் மாலா என் போன்ற கருத்தடை மாத்திரையைத் தொடங்கினால், அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் லாமோட்ரிஜினைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் நோய் திரும்பிவிட்டதே என்று வீட்டில் தவிப்பார்கள். அதே நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபின் சாப்பிட்டால் தலைகீழ். அது கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும், எதிர்பாராமல் கர்ப்பம் தங்கும். அதற்கே கொடுக்கும் வால்புரோயேட் இன்னும் பெரிய விஷயம். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் பத்துக் குழந்தையில் ஏறக்குறைய ஒன்றுக்குப் பிறவிக் குறை வர வாய்ப்பு, அதைவிட அதிகமான குழந்தைகளுக்கு வளர்ச்சியில் தாமதம். கல்யாணம் பேசும் வயதுப் பெண்ணுக்கு அது எழுதப்பட்டிருந்தால் வேறு மருந்து மாற்ற முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், அது அதைவிட ஆபத்து.

ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மனச்சிதைவு மருந்துகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். மாதவிலக்கு நின்றுபோகும், சிலருக்குப் பால் கசியும். கல்யாணம் ஆகாத பெண் என்றால் வீட்டில் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிடுகிறார்கள். பாவம், அவள் வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையையே தூக்கிப் போட்டுவிடுவாள். இது மருந்தின் பக்கவிளைவு. அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய வழி இருக்கிறது. அப்படியே வருடக்கணக்கில் விட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேயும்.

தண்டையார்பேட்டை_அக்கா

கொடுங்கையூர் அண்ணனுக்கும் டீச்சருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். விலக்குக்கு முந்தைய நாட்களில் மட்டும் சாப்பிட மனச்சோர்வு மாத்திரை உண்டு, சீக்கிரம் கேட்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தங்கைக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாமா?

ராயபுரம்_சிஸ்டர்

தங்கச்சி, நான் ஓய்வு பெற்ற செவிலி. மகப்பேறு வார்டிலும் மனநல வார்டிலும் இருந்திருக்கிறேன். நீ சொல்கிற முறை உண்மைதான். செர்ட்ராலின், ஃபுளுவோக்சிடின் மாதிரி மாத்திரைகளைச் சினைமுட்டை வெளிவந்த நாளிலிருந்து விலக்கு வரை மட்டும் கொடுப்பது உண்டு. சாதாரண மனச்சோர்வுக்கு அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், இதில் சில நாட்களிலேயே தெரியும். ஆனால் அது டீச்சர் சொன்ன கோளாறுக்கு. உன் தங்கைக்கு இருப்பது ஏற்கெனவே உள்ள நோய் அந்த நாட்களில் கூடுவது. இரண்டும் ஒன்றில்லை. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் வெறி நிலைக்கே தூக்கிவிடும். அதனால் நீயாக வாங்கிக் கொடுக்காதே.

அந்தக் காலண்டரை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போ. பேசக் கூச்சம் என்றால் பேச வேண்டாம், மேசையில் விரித்து வை. "சிவப்பு பீரியட்ஸ், நீலம் குரல் கேட்ட நாள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள். மனநல வார்டில் நோயாளியின் அட்டையில் தூக்கம், சாப்பாடு, மாத்திரை எல்லாம் எழுதுவோம், மாதவிலக்கு தேதி எழுதும் வழக்கமே இல்லை. மகப்பேறு வார்டில் கடைசி விலக்குத் தேதி இல்லாமல் சீட்டே போட மாட்டார்கள், ஆனால் ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் பெண்கள் விழுந்துவிடுகிறார்கள். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை எனக்கு.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உனக்குக் கிட்ட. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி என்றால் நம் பக்கம் கேலிப் பேச்சாகிவிட்டது, அதனாலேயே போகாமல் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். 1794இல் தொடங்கி இன்றுவரை ஏழை எளியவர்களைப் பார்த்துவரும் இடம் அது. போவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அம்மா மந்திரிக்கப் போகிறார் என்று சண்டை போடாதே. போகட்டும், வரட்டும், மனசுக்கு நிம்மதி. மாத்திரையை நிறுத்தக் கூடாது, பட்டினி போடக் கூடாது, அடிக்கக் கூடாது, கட்டிப் போடக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் வெந்தார்களே, அதை இந்த ஊரில் யாரும் மறக்கக் கூடாது. 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது.

தண்டையார்பேட்டை_அக்கா

சிஸ்டர் அக்கா, போய் வந்துவிட்டோம். காலண்டரை விரித்ததும் டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பார்த்தார். மாதம் மாதமாகத் திருப்பினார். கூடவே நின்ற பயிற்சி டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். தைராய்டு, ரத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை மறுக்கும் நாட்களுக்காக வாயில் வைத்தால் கரையும் ஓலான்சபினாக மாற்றிக் கொடுத்தார். அந்த நாட்களில் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முதல் வேலை என்றார். எங்கள் வீட்டில் தீட்டு நாட்களில் அவளைத் திண்ணையோரம் தனியாகப் படுக்க வைப்பது வழக்கம், தெரு இரைச்சலும் கொசுவுமாகக் கிடப்பாள். அதை நிறுத்தியாயிற்று. பாட்டிதான் முணுமுணுத்தார், டாக்டர் சொன்னார் என்றதும் விட்டுவிட்டார்.

காசிமேடு_கடலோடி

ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதியதில்லை. என் மனைவிக்கு முதல் பிரசவம் ஆன ஒரு வாரத்துக்குள் புத்தி மாறிவிட்டது. தூக்கமே இல்லை. குழந்தையின் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்து, "இது நம்ம புள்ள வாசனை இல்ல, மாத்திட்டாங்க" என்றாள். பச்சை உடம்பு, காற்று கருப்பு பட்டிருக்கும் என்று வீட்டில் நாட்கள் போயின. அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்து நன்றாகத் தேறினாள். இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள். மே மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நான் கரையில்தான் இருப்பேன். மறுபடி வருமா? நான் என்ன செய்ய வேண்டும்?

ராயபுரம்_சிஸ்டர்

தம்பி, இப்போதே கேட்டாயே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. வர வாய்ப்பு அதிகம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கவும் சீக்கிரம் பிடிக்கவும் முடியும்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மலைபோல் ஏறியிருக்கும். நஞ்சுக்கொடி விழுந்ததும் சில நாட்களுக்குள் தரைமட்டமாகிவிடும். பெண் உடம்பு வேறெப்போதும் இவ்வளவு பெரிய சரிவைப் பார்ப்பதில்லை. அதோடு தூக்கமும் போகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். முன்பே வந்தவர்களுக்கும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு.

நீ செய்ய வேண்டியது: பிரசவம் பார்க்கிற டாக்டரிடமும் பழைய மனநல டாக்டரிடமும் இந்த மாதமே சொல். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் வேறெங்கே பார்த்தாலும் சரி, கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல். பிரசவம் ஆன கையோடு மருந்து தொடங்கலாமா என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்யட்டும், தாய்ப்பால் கொடுக்கலாமா என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. ராத்திரி குழந்தையை நீ வைத்துக்கொள், அவள் ஐந்தாறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும். தூக்கம் வராமல் சுறுசுறுப்பாக நடமாடுகிறாள், தொடர்பில்லாமல் பேசுகிறாள், குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொல்கிறாள் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே. 108ஐக் கூப்பிடு. அந்த நேரத்தில் குழந்தையோடு அவளைத் தனியாக விடாதே. இது அவள் குணமும் இல்லை, யாரும் வைத்த சூனியமும் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒரே வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படி ஒன்று நம் ராயபுரத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.

வியாசர்பாடி_தமிழினி

கடலோடி அண்ணா, குழந்தையை ராத்திரி நீங்கள் வைத்துக்கொள்வதாக வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொன்னால் "ஆம்பளை எதுக்கு" என்று ஒரு சண்டை வரும்.

திருவொற்றியூர்_மல்லி

என் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். 47 வயது. விலக்கு இரண்டு மாதம் வருவதில்லை, பிறகு வந்தால் நிற்பதில்லை. உடம்பு திடீரென்று கொதிக்கிறது. நடு ராத்திரி விழித்தால் விடியும்வரை அழுகை. மூத்தவன் பிறந்தபோதும் இப்படி மாதக்கணக்கில் அழுதேன், அப்போது யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. வயசானால் இதெல்லாம் இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர்.

பெரம்பூர்_விலங்கியல்_டீச்சர்

மல்லி, இருக்கும் என்பது சரி, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது சரியில்லை. மாதவிலக்கு நிற்கப்போகும் இந்தச் சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை, தாறுமாறாக ஏறி இறங்கும். மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. பிரசவ நேரத்தில் ஏற்கெனவே வந்தவர்களுக்கு இன்னும் அதிகம், அதனால் அந்தப் பழைய கதையைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்புக் கொதிப்புக்கு ஹார்மோன் சிகிச்சை நன்றாகக் கேட்கும். கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி வந்திருந்தால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். மனச்சோர்வுக்குத் தனியாக மருந்தோ ஆலோசனையோ தேவைப்படலாம். நிற்காத உதிரப்போக்கை மகப்பேறு டாக்டரிடம் உடனே காட்டுங்கள், அதைத் தள்ளிப் போட வேண்டாம்.

ராயபுரம்_சிஸ்டர்

மல்லி, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? கேட்பதால் தப்பாக நினைக்காதே. வந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள்.

திருவொற்றியூர்_மல்லி

சில ராத்திரி வருகிறது சிஸ்டர். இதுவரை யாரும் கேட்டதில்லை. நம்பரை எழுதி வைத்துக்கொண்டேன்.

ராயபுரம்_சிஸ்டர்

எழுதி வைத்தால் போதாது, இன்றைக்கே ஒரு தடவை பேசிவிடு. நாளைக் காலை ஸ்டான்லி ஓ.பி.க்கு வா. சீட்டு வாங்கும் இடத்தில் நான் நிற்கிறேன், தனிச் செய்தியில் நேரம் அனுப்புகிறேன். வீட்டுக்காரரையும் கூட்டி வா, அவரிடமும் பேச வேண்டியது இருக்கிறது.